வெடித்த நட்சத்திரமும் என் கத்திரிக்கோலும்

என்னிடம் ஒரு கத்திரிக்கோல் இருந்தது. தையல்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி பெரியது, கனமானது. நான் தையல்காரி இல்லை. காரைக்காலில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். பேப்பரில் வரும் அறிவியல் செய்திகளை வெட்டி நோட்டில் ஒட்டுவது என் வழக்கம். சின்னக் கத்திரிக்கோலால் வெட்டினால் ஓரம் பிசிறடிக்கும். பிசிறு எனக்கு எதிலுமே பிடிக்காது. ஒருவர் ஒரு விஷயத்தைத் தப்பாகச் சொன்னால் அந்த இடத்திலேயே திருத்தாவிட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. இருபத்தொன்பது வயதில் எனக்குத் தோழிகள் கம்மியாக இருந்ததற்கு இதைத் தவிர வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

எண்பதாம் வருஷம் பிப்ரவரியில் சூரிய கிரகணம் பிடித்தபோது நான் கல்லூரி முடித்த புதிது. மதியம் மூன்று மணிக்கு எங்கள் தெருவில் ஈ காக்கை இல்லை. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தன. சோற்றுப் பானையின் மேல் தர்ப்பையைக் கிள்ளிப் போட்டுவிட்டு எல்லாரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் ஓர் அட்டையில் ஊசியால் துளை போட்டுக்கொண்டு, பிறைபிறையாகத் தரையில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்தபடி தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தேன். என் வீரத்தைப் பார்க்கத்தான் ஓர் ஆள் இல்லை. நாலாவது வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியை இருட்டறையில் கையைக் காலை நீட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் பிள்ளைத்தாய்ச்சி எதையாவது நறுக்கினாலோ வெட்டினாலோ பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்பது எங்கள் ஊரில் எல்லாரும் நம்பியது. இந்து வீடு, கிறிஸ்தவ வீடு, முஸ்லிம் வீடு என்று இதில் வித்தியாசமே கிடையாது.

எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அந்த வீட்டுப் பெரியவர் இந்தோசீனா, அல்ஜீரியா என்று சண்டைக்குப் போய்வந்தவர். அவருடைய மகனும் பிரான்சில் பட்டாளத்தில்தான் இருந்தான். எண்பத்தாறில் லீவில் வந்து கல்யாணம் செய்துகொண்டு, இரண்டு மாதம் இருந்துவிட்டு, திரும்பிப் போய்விட்டான். அவன் பெண்டாட்டிதான் எனக்கு இருந்த ஓரிரு தோழிகளில் ஒருத்தி. இருபத்திரண்டு வயது. என்னை ‘டீச்சரக்கா’ என்பாள். நான் திருத்தினால் கோபித்துக்கொள்ளாமல் சிரிக்கிற ஒரே ஆள் அவள்தான்.

எண்பத்தேழு பிப்ரவரியில் அவளுக்கு ஐந்து மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போவது வழக்கம். அவளுக்குப் போய் இருக்கத் தாய் இல்லை. அப்பா இரண்டாம் தாரத்தோடு திருவாரூர்ப் பக்கம் இருந்தார். அதனால் அவள் ஒரே பிடியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: “அவங்க பக்கத்துல இருந்தாத்தான் அக்கா பெத்துக்குவேன்.” அவள் பிரான்சுக்குப் போக ஆகவேண்டியவையும் நடந்துகொண்டிருந்தன. மார்ச் நடுவில் ஒரு வியாழக்கிழமை பாண்டிச்சேரிக்குப் போய், பிரெஞ்சுத் தூதரக அலுவலகத்தில் நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். காகிதம் வந்ததும் மெட்ராஸ் போய் விமானம் ஏறலாம். ஏழு மாதம் தாண்டிவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வியாழக்கிழமையை விட்டால் அடுத்த தேதி எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளை அதற்குள் பிறந்துவிடும்.

இந்த நேரம் பார்த்துத்தான் நட்சத்திரம் வெடித்தது.

வெள்ளிக்கிழமை பேப்பரில் செய்தி பார்த்தேன். தென்வானத்தில், நம் பால்வீதிக்குப் பக்கத்து நட்சத்திரக் கூட்டத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்திருக்கிறது, வெறுங்கண்ணால் பார்க்கிற மாதிரி ஒன்று வெடித்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று போட்டிருந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. உடனே வெட்டி ஒட்ட வேண்டும். கத்திரிக்கோலைத் தேடினேன், காணோம். அப்புறம்தான் நினைவு வந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக்காரி வாங்கிப்போயிருந்தாள், ஜன்னலுக்குத் திரைத்துணி வெட்ட வேண்டும் என்று சொல்லி.

பேப்பரோடு எதிர்வீட்டுக்குப் போனேன். அவள் உள்ளேயிருந்து கத்திரிக்கோலை எடுத்துவந்து கொடுத்தாள்.

“திரை எங்கடி?” என்றேன், மொட்டையாக இருந்த ஜன்னலைப் பார்த்து.

“இன்னும் வெட்டலக்கா. அப்புறமா பாத்துக்கலாம்.”

ஐந்து நாள் என் கத்திரிக்கோலை வைத்துக்கொண்டு ஒரு திரை வெட்டவில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் நட்சத்திரம் அதைவிட அவசரம். நின்ற நிலையிலேயே செய்தியை வாசித்தேன். வாசித்து நிறுத்தியிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லையே!

“வெளிச்சம் மட்டும் வரலடி. வெடிக்கறப்ப கண்ணுக்குத் தெரியாத துகள் கோடி கோடியா கிளம்பும். நம்ம சுவரு, கூரை எதுவும் அதுக்குத் தடை இல்ல. என் உடம்பு, உன் உடம்பு, உன் வயித்துல இருக்கற பிள்ளை, எல்லாத்துக்குள்ளயும் பூந்து அந்தப் பக்கம் போயிருக்கும், தெரியுமா?”

எனக்கு அப்படிச் சொன்னபோது மயிர்க்கூச்செறிந்தது. அவள் தன் வயிற்றின் மேல் கையை வைத்தாள். அவளும் என்னைப் போல வியந்துபோனாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சமையலறையிலிருந்து அவளுடைய மாமியார் வந்தார். நல்ல மனுஷி. எதையும் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுத் தெரிந்துகொள்கிறவர்.

“என்னா டீச்சர் அது, கிரகணமா?”

“கிரகணமெல்லாம் இதுக்கு முன்னால ஒண்ணுமே இல்லம்மா. இது அதைவிடப் பெரிசு.”

“எப்ப விடும்?”

இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை இன்றைக்கு நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. பஞ்சாங்கத்தில் கிரகணம் பிடிக்கிற நேரம், விடுகிற நேரம் இரண்டும் போட்டிருக்கும். அந்த அம்மா கேட்டது அந்த அர்த்தத்தில். நான் பிசிறில்லாமல் பதில் சொன்னேன்.

“மங்கிப்போக பல மாசம் ஆகும்மா.”

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது எதிர்வீட்டைப் பார்த்தேன். ஜன்னலுக்குத் திரை இல்லாததால் கம்பளிப் போர்வையைத் தொங்கவிட்டிருந்தார்கள். சொல்தா பனிப்பிரதேசத்தில் போர்த்திய போர்வை அது. காரைக்கால் வெயிலில் அந்த வீட்டுக்குள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மாமியார் வாசலில் நின்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

“நல்ல நேரத்துல சொன்னீங்க டீச்சர். இல்லாட்டி தெரியாமலே போயிருக்கும். அது விடற வரைக்கும் அவள வாசப்படி தாண்ட விடறதா இல்ல.”

“பாண்டிச்சேரி?”

“பாண்டிச்சேரி எங்க போவுது? புள்ள நல்லபடியா பொறக்கட்டும்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்று சாயங்காலமே போய் உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தேன். இது ஒன்றரை லட்சம் ஒளியாண்டுக்கும் அப்பால் வெடித்தது, நமக்கு இதனால் ஒரு பாதிப்பும் கிடையாது, கிட்டத்தில் வெடித்தால்தான் ஆபத்து என்றேன். அந்த அளவில் எழுந்து வந்திருக்க வேண்டும்.

“கிட்டத்துல வெடிச்சா என்ன ஆவும்?” என்று கேட்டார் மாமியார்.

கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் பாதி பதிலோடு விட எனக்குத் தெரியாது. ஒரு முப்பது ஒளியாண்டுக்குள் வெடித்தால் என்ன நடக்கும் என்று வகுப்பில் சொல்வது போலச் சொன்னேன். நமக்கு மேலே ஓசோன் என்று ஒரு படலம் இருக்கிறது, வெயிலில் இருக்கும் கெட்ட கதிரை அதுதான் வடிகட்டுகிறது. வெடிப்பிலிருந்து வரும் கதிர்வீச்சு அதைக் குலைத்துவிடும். அப்புறம் வருஷக்கணக்கில் வெயில் அப்படியே இறங்கும். பயிர் தாங்காது. கடலின் மேல்மட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கிறது, அது செத்துப்போகும். அதைத் தின்கிற சின்ன மீன் சாகும். சின்ன மீனைத் தின்கிற பெரிய மீன் சாகும்.

“நேத்தே மீன்காரம்மா வரலியே!” என்றார் மாமியார்.

கோட்டுச்சேரிமேட்டிலிருந்து வருகிற மீன்காரம்மா, தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு மண்டபத்தூர் போயிருந்தார். அதை மீன்காரம்மா என்னிடமே சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். நான் அதை எடுத்துச் சொன்னபோது, மாமியார் என்னை இரக்கத்தோடு பார்த்தார். நான் பயமுறுத்தாமல் இருக்க முயற்சி செய்வதாக நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

“சரி, அப்படி வெடிக்கற மாதிரி கிட்டத்துல ஏதாச்சும் இருக்கா டீச்சர்?”

“அவ்வளவு கிட்டத்துல ஒண்ணும் இல்லம்மா. கொஞ்சம் தள்ளி, சில நூறு ஒளியாண்டுல திருவாதிரை இருக்கு. அது வயசான நட்சத்திரம், என்னிக்காவது ஒரு நாள் கட்டாயம் வெடிக்கும். ஆனா அதால கூட நமக்கு...”

மாமியார் முகம் வெளுத்துவிட்டது.

“திருவாதிரையா? அது என் மவனோட நட்சத்திரமாச்சே டீச்சர்!”

பல வருஷம் அறிவியல் படித்தவள், நமது ஊரில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. அந்த வீட்டு மகன் திருவாதிரையில் பிறந்தவன். சுவரில் பட்டாள உடுப்போடு போட்டோச் சட்டத்துக்குள் இருந்தான். மாமியார் அவனைப் பார்த்துக் கண் கலங்கினார். இன்றைக்கோ நாளைக்கோ இல்லை, லட்சம் வருஷம்கூட ஆகலாம் என்று நான் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் அவர் காதில் ஏறவே இல்லை. அன்றிலிருந்து தினம் சாயங்காலம் விளக்கேற்றியதும் அவர் வாசலுக்கு வந்து, தலையை அண்ணாந்து, திருவாதிரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போவார். மார்ச் மாதத்தில் அது உச்சிக்குப் பக்கத்தில் சிவப்பாக நிற்கும். நானும் என் வீட்டு வாசலில் நின்று பார்ப்பேன். உள்ளூர எனக்கும், இது பாட்டுக்கு இந்தப் பதினைந்து நாளில் வெடித்துத் தொலைக்காமல் இருக்க வேண்டுமே என்று இருந்தது.

தோழியை ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடிந்தது. போர்வையின் ஓரத்தை விலக்கினால் வியர்த்து வழிந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பாள்.

“நீயாவது சொல்லேன்டி, இதெல்லாம் ஒண்ணும் இல்லன்னு!”

“சொன்னேன்க்கா. கேக்க மாட்டேங்குறாங்க.” பிறகு கேட்டாள்: “நிஜமாவே ஒண்ணும் ஆவாதுல்ல?”

“ஒரு மண்ணும் ஆகாது. உன் ரத்தத்துல இருக்கற இரும்பு எங்கேருந்து வந்துதுன்னு நினைக்கற? நம்ம சூரியன் பொறக்கறதுக்கு முன்னால இந்த மாதிரி வெடிச்சுச் சிதறின நட்சத்திரத்துலேருந்து வந்ததுதான். அது வெடிக்கலன்னா நீயும் இல்ல, நானும் இல்ல. அதோட நமக்குப் பகை கிடையாதுடி, சொந்தம்.”

அவள் பக்கத்தில் டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை டப்பா இருந்தது. அதை எடுத்துப் பார்த்தாள். “இதுவுமா?” என்றாள்.

“அதுவும்தான்.”

“அதான் இவ்வளவு கசக்குதா?” என்று சிரித்தாள். அவள் சிரித்ததும் பாரம் பாதி இறங்கியதாக எனக்குத் தோன்றியது. ஆனால் வியாழக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. மகன் பிரான்சிலிருந்து எழுதிய கடிதம் மேஜை மேல் கிடந்தது, விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப்போக இப்போதே லீவு சொல்லிவிட்டதாக. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. என் வாய்க்கொழுப்பால் ஒரு பெண் புருஷனிடம் போய்ச் சேர முடியாமல் போகப்போகிறது. அதை வேறு எப்படியும் சொல்ல முடியாது.

சொல்தாவிடம் முறையிட்டேன். அவர் வீட்டு விஷயங்களில் வாய் திறக்காதவர். கூடத்தில் பிரான்சிலிருந்து கொண்டுவந்த சுவர்க்கடிகாரம் ஒன்று இருந்தது. அதற்குச் சாவி கொடுப்பது ஒன்றுதான் அந்த வீட்டில் அவர் அதிகாரம். சாவியைத் திருகிக்கொண்டே பெண்டாட்டிக்குக் கேட்கும்படி சொன்னார்.

“குண்டுச் சத்தம் காதுல வுழுந்துட்டா குண்டு தாண்டிப் போயிடுச்சுன்னு அர்த்தம். வெடிச்சது தெரிஞ்சப்புறம் போத்திக்கிட்டுப் படுத்து என்னா பண்றது?”

“நீங்க சும்மா இருங்க” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அவரும் சும்மா இருந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலைப் பேப்பரில்தான் எனக்கு விமோசனம் வந்தது. அந்தத் துகள்களைப் பிடித்துவிட்டார்கள். ஜப்பானில் பூமிக்கடியில், சுரங்கத்துக்குள் இருந்த பெரிய தண்ணீர்த் தொட்டியில் பதினொரு துகள்கள் அகப்பட்டிருக்கின்றன. வெடிப்பின் வெளிச்சத்தை யாரும் பார்ப்பதற்குப் பல மணி நேரம் முன்னாலேயே அவை வந்துவிட்டன. மொத்தம் பத்துப் பன்னிரண்டு விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நேரமும் போட்டிருந்தது. கிரீன்விச் நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டினேன். பிப்ரவரி இருபத்துமூன்று, திங்கட்கிழமை, மதியம் ஒரு மணி ஐந்து நிமிடம்.

பள்ளியில் பூகோளப் பாட உருண்டையை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த நேரத்தில் அந்த நட்சத்திரம் காரைக்காலின் அடிவானத்துக்கும் கீழே இருந்தது. துகள்கள் கூரை வழியாக வரவே இல்லை. பூமியைத் துளைத்துக்கொண்டு தரைக்கு அடியிலிருந்து வந்து மேலே போயிருக்கின்றன. இவர்கள் ஜன்னலுக்குக் கம்பளி கட்டிக்கொண்டிருந்தார்கள்! பத்தாம் வகுப்புப் பெண்கள் முன்னால் நான் தனியாகச் சிரித்ததைப் பற்றிப் பள்ளியில் வெகுநாள் பேசிக்கொண்டார்கள்.

மணியடித்ததும் நேராக எதிர்வீட்டுக்குப் போனேன். எப்படிச் சொல்ல வேண்டும் என்று இந்தமுறை யோசித்துவைத்திருந்தேன்.

“அம்மா, விட்டாச்சு!”

“எப்ப?”

“அது விட்டு ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. திங்கக்கிழமை மத்தியானம் ஒரு மணி அஞ்சு நிமிஷத்துக்குப் பிடிச்சுது. அப்பவே விட்டுது. பத்துப் பன்னெண்டு செகண்டுதான். பேப்பர்லயே போட்டிருக்கான், பாருங்க.”

பேப்பர் ஆங்கிலம். ஆனாலும் அந்த அம்மா அதை வாங்கிப் பார்த்தார். பிடித்த நேரம், விட்ட நேரம் என்று அச்சில் இருப்பது அவருக்கு முதல் தடவையாக நம்பிக்கை கொடுத்தது. முகம் தெளிந்தது. எனக்கு உயிர் வந்தது. அப்புறம் அவர் மருமகளின் பக்கம் திரும்பினார்.

“அந்தத் திங்கக்கிழமை ஒரு மணிக்கு நீ என்னா பண்ணிக்கிட்டிருந்த?”

நான் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. நேரம் என்று ஒன்று கிடைத்துவிட்டால் அடுத்த கேள்வி இதுதானே? தோழி மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடிகாரச் சத்தம் கேட்டது. சொல்தாகூடப் பேப்பரைத் தாழ்த்தினார்.

“சாப்ட்டுட்டுப் படுத்திருந்தேன் அத்தை” என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: “அப்பத்தான் புள்ள மொதத் தடவையா அசைஞ்சுது.”

“அடியே! ஏன்டி சொல்லல?”

“கண்ணு பட்டுடுமோன்னு...”

மாமியார் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். பயமெல்லாம் போன இடம் தெரியவில்லை. வானத்திலிருந்து வந்தது பிள்ளையைத் தொட்டு எழுப்பிவிட்டுப் போயிருக்கிறது என்றார். உடனே மஞ்சள் தேய்த்துத் தலைக்குக் குளிப்பாட்டினார். கம்பளி கீழே இறங்கியது. நானே பிடித்து மடித்தேன்.

மறுநாள் சாயங்காலம் அந்த அம்மாவுக்கு அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ரிக்ஷா வைத்துக்கொண்டு மூன்று பேரும் கடற்கரைக்குப் போனோம். ஏழு மணி இருக்கும். தெற்கே நாகூர்ப் பக்கம் அடிவானத்தில் மங்கல். அகத்திய நட்சத்திரத்தைக் காட்டி, அதற்கு நேர் கீழே, இன்னும் கீழே என்று விரலை நீட்டினேன். எனக்கு ஏதோ ஒரு புள்ளி தெரிந்தது மாதிரி இருந்தது. சத்தியம் செய்ய மாட்டேன். மாமியார் மட்டும், “அதோ! நல்லாத் தெரியுதே!” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கும்பிட்டது ஒரு படகு விளக்கு. அது மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. என் வாழ்நாளில் ஒருவரை நான் திருத்தாமல் விட்டது அதுதான் முதல் தடவை. தோழி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை அவர்கள் பாண்டிச்சேரி போய்வந்தார்கள். மார்ச் கடைசியில் அவள் விமானம் ஏறினாள். ஜூலையில் தந்தி வந்தது. பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். சொல்தா தெரு முழுக்கச் சாக்லேட் கொடுத்தார்.

அதற்குப் பிறகு இந்தக் கதையை நான் சொல்லாத இடம் இல்லை. பள்ளி ஆண்டுவிழாவில் சொன்னேன், அறிவியல் கண்காட்சியில் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்களிடம்கூடச் சொன்னேன். மூடநம்பிக்கையை ஒரு டீச்சர் துல்லியமான நேரக்கணக்கால் ஜெயித்த கதை. கடைசியில் பிள்ளை அசைந்த இடம் வந்ததும் கேட்பவர்கள் ‘அட!’ என்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

எண்பத்தொன்பதில் அவள் குழந்தையோடு லீவில் வந்தாள். குழந்தைக்கு இரண்டு வயது. பிரெஞ்சும் தமிழும் கலந்து வாய் ஓயாமல் பேசியது. என் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மேஜை மேல் இருந்த கத்திரிக்கோலை எடுக்கப் போனது. நான் பாய்ந்து பிடுங்கி வைத்தேன். அதைப் பார்த்துத் தோழி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அக்கா, அன்னிக்கு ஒரு மணிக்கு நான் படுத்திருக்கல.”

“பின்ன?”

“புள்ளைக்குச் சட்டை வெட்டிக்கிட்டிருந்தேன். பொறக்கறதுக்கு முன்னாடி துணி தைக்கக் கூடாதுன்னு அத்தை ஏசுவாங்க. அதான் திரைன்னு பொய் சொல்லி உங்க கத்திரிக்கோல வாங்கினேன். அத்தை சாப்ட்டுட்டுக் கண்ணசந்ததும் வெட்ட உக்காந்தேன். மாமாவோட கெடிகாரம் ஒரு மணி அடிச்சுது. அது நல்லா ஞாபகம் இருக்கு. அது அடிச்சப்புறம்தான் சட்டைக்குக் கை வெட்டினேன், ரெண்டு கையும்.”

பிடுங்கி வைத்த கத்திரிக்கோலைப் பார்த்தேன்.

“அப்ப புள்ள அசைஞ்சது?”

“அது அதுக்கப்புறம் பத்து நாள் கழிச்சு, அந்த இருட்டு ரூம்புல. அத்தை விடணுமேன்னு அப்படிச் சொன்னேன்.” குழந்தையை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். “நீங்க சொன்னதெல்லாம் நெசம்தான்னு தெரியும்க்கா. ஒண்ணும் ஆவாதுன்னும் தெரியும். ஆனா அந்த நேரத்தச் சொல்லிட்டீங்களே. ஒரு மணி அஞ்சு நிமிஷம்னு. அது மனசவிட்டுப் போவல. அங்க போயி நாலு மாசம் அவங்ககிட்டகூடச் சொல்லல. பொறந்ததும் நர்ஸு கையில குடுத்தாங்க. கண்ணு மூக்கு எதையும் நான் பாக்கலக்கா. உதட்டத்தான் பாத்தேன்.”

பைக்குள்ளிருந்து அந்தச் சட்டையை எடுத்துக் காட்டினாள். வெட்டின துண்டுகளைப் பெட்டிக்கடியில் ஒளித்து எடுத்துப்போய், பிள்ளை பிறந்த பிறகுதான் தைத்திருக்கிறாள். வெள்ளைத் துணியில் சின்னச் சின்ன நீலப் பூ. ஓரத்தில் ஒரு பிசிறில்லை. என் கத்திரிக்கோலின் வெட்டு எனக்குத் தெரியாதா?

கடற்கரையில் அவள் என் கையைப் பிடித்த பிடி நினைவுக்கு வந்தது. பயத்தில் பிடித்திருக்கிறாள். பக்கத்திலேயே நின்ற நான், ஒன்றரை லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் விரலைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேடி” என்றேன்.

“சொன்னா நீங்க திருத்துவீங்கல்ல?” என்று அவள் சிரித்தாள். இந்தமுறை அது நிஜச் சிரிப்புதான்.

அவள் தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். குழந்தை நான் கொடுத்த பிஸ்கட்டை வாய் முழுக்க அடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. நான் அதன் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒட்டியிருந்த தூளை விரலால் துடைத்துவிட்டு, அந்தக் குழந்தையின் உதட்டை நானும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.